உம்மாவுக்கு ஒரு கடினமான வடிவம்



எங்கள் வாப்பா ஸஃபர் பிறை 3இல் வஃபாத்தானார்கள். அன்றிலிருந்து நான்கு மாதமும் பத்து நாளும் எண்ணினால், ஜமாதுல் ஆகிர் பிறை 13இல் உம்மாவின் இத்தா நிறைவுறும். நாங்கள் மூவரும் நாட்காட்டியைப் பார்த்துக் கணக்கிட்டு வைத்துக்கொண்டோம். உம்மா எதையும் எண்ணியதாகத் தெரியவில்லை. படப்பையில் எங்கள் வீடு வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கிறது. ஒரகடத்து ஆலைகளுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் விடியற்காலையிலும் மதியத்திலும் இரவிலும் அந்தச் சாலையில் நின்று செல்லும். வண்டி நிற்கும் ஓசை கேட்டால் உம்மா கையிலிருப்பதை வைத்துவிட்டு வாசற்பக்கம் பார்ப்பார்கள். பிறகு, பார்த்தது தமக்கே நினைவுக்கு வந்ததுபோல் தலையைத் திருப்பிக்கொள்வார்கள்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் அஸருக்குப் பின் எங்களை அழைத்துச் சொன்னார்கள்: "எனக்கு ஒரு டிசைன் பாத்துக் கொடுங்க. கஷ்டமானதா இருக்கணும். கை தானா ஓடுற வேலையா இருந்தா மனசு எங்கேயோ போயிடுது."

உம்மாவின் கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் குயில்ட் என்பதை அவர்கள் துண்டுத்துணிப் போர்வை என்பார்கள். 2008இல் இராமநாதபுரத்திலிருந்து வாப்பா வேலை தேடி இந்தப் பக்கம் வந்தபோது, உம்மாவுக்குச் சட்டையும் பாவாடையும் தைக்கத்தான் தெரியும். 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் கார் ஆலை திறக்கப்பட்டது. அதைச் சுற்றியும் அதற்குப் பின்னும் உதிரிப்பாக ஆலைகள் பெருகின. அவற்றுள் ஒன்றில், கார் இருக்கை உறை தைக்கும் பிரிவில், 2011 முதல் 2019 வரை உம்மா வேலை பார்த்தார்கள். இருக்கை உறை தைப்பது வீட்டுத் தையலைப் போன்றதன்று. வளைந்த ஓரத்தை நேரான ஓரத்தோடு சேர்க்க வேண்டும். மூன்று துண்டுகளின் முனைகள் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். துண்டின் விளிம்பில் வெட்டியிருக்கும் சிறு அடையாளமான நாட்ச், எதிர்த்துண்டின் நாட்சோடு பொருந்த வேண்டும். ஒரு நூலளவு விலகினாலும் உறை பஞ்சின்மேல் சுருங்கி நிற்கும்.

துண்டுத்துணி அவர்களிடம் வந்த வழி வேறு. 2006இல் திருப்பெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. வாடகை அறைகளில் தங்கியிருந்த வெளியூர்ப் பெண்கள் பலர் ஊர் திரும்பினார்கள். தூக்கிச் செல்ல இயலாத சுடிதார்களையும் துப்பட்டாக்களையும் படுக்கை விரிப்புகளையும் எங்கள் தெருவில் உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவற்றை வீணாக்க மனம் வராமல்தான் முதற்போர்வை தைத்தார்கள். ஒன்பது கட்டம், படிக்கட்டு, அறுகோணம் என்று ஒவ்வொன்றாகக் கற்று, இதுவரை முப்பதுக்கு மேல் தைத்திருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அவற்றில் படுத்து வளர்ந்தவர்கள்தாம்.

அப்படிப்பட்ட கைக்குக் கடினமானது எது என்று தேடுவது எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை. நாங்கள் தையல்காரர்கள் அல்லர். எங்களில் மூத்தவள் தாம்பரத்தில் ஆசிரியை. அடுத்தவள் உம்மாவோடு வீட்டில் இருப்பவள். இளையவன் ஒரகடத்தில் ஷிஃப்டு வேலைக்குப் போகிறவன். படங்களைப் பார்த்து, துண்டுகள் மிகுந்திருந்தால் கடினம் என்று எண்ணிக்கொண்டோம்.

எனவே முதலில் எடுத்துச் சென்றது, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜேன் ஸ்டிக்கிள் என்ற பெண்மணி 1863இல், அந்நாட்டு உள்நாட்டுப் போரின் நடுவில், தைத்து முடித்த போர்வையின் படம். ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத கட்டங்கள்; ஓரத்து முக்கோணங்களையும் சேர்த்து 225. மொத்தத் துண்டுகள் 5,602. அந்த எண்ணிக்கையை அவரே போர்வையின் மூலையில் தைத்து வைத்திருக்கிறார். இன்று அது பென்னிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உம்மா நெடுநேரம் பார்த்தார்கள். "இந்த அம்மா பெரிய ஆளு," என்றார்கள். பிறகு, "ஆனா இது இருநூறு சின்ன வேலை. எனக்கு ஒரு வேலை வேணும்," என்றார்கள். அந்த வேறுபாடு எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

இரண்டாவது, பூங்கொடிகளும் பறவைகளும் துணியின்மேல் வெட்டி ஒட்டித் தைக்கும் வகை. வெட்டிய ஓரத்தை ஊசிமுனையால் உள்ளே மடித்து மடித்துத் தைக்க வேண்டும், நிச்சயமாகக் கடினமானது. பறவைகளைக் கண்டதும் உம்மா புன்னகைத்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் உள்ள திரையைத் தொங்கவிட்டிருந்ததையும், நபி (ஸல்) அவர்கள் அதை வெறுத்ததையும், பின்னர் அத்திரையை வெட்டித் தலையணை செய்துகொண்டதையும் எங்களுக்குச் சிறுவயதில் சொன்னவர்களே உம்மாதான். "வெட்டித் தலையணை தைக்கிறதுக்குன்னே ஒரு திரை தைக்கணுமா?" என்று கேட்டுப் படத்தைத் திருப்பித் தந்தார்கள். வாப்பா வஃபாத்தான பிறகு அவர்கள் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கை அதுதான்.

மூன்றாவதை நாங்கள் எடுத்துச் செல்லவில்லை. தாள்களோடு தாளாகத் தானே போய்விட்டது. வளையங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போர்வை முழுதும் படரும் வடிவம் அது. எல்லா ஓரங்களும் வளைவு என்பதால் அனுபவசாலிகளுக்கே உரியது என்று எழுதியிருந்தது. அதன் பெயர் இரட்டைத் திருமண மோதிரம். பெயரைக் கண்டதும் ஒதுக்கி வைத்திருந்தோம். உம்மா அந்தத் தாளை எடுத்து, "இதுக்கு என்ன பேரு?" என்றார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூத்தவள் சொன்னாள். உம்மா சற்றுநேரம் வைத்திருந்துவிட்டு, "வளைவு நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லித் தாளைக் கீழே வைத்தார்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

இதற்கிடையே உறவினர் ஒருவர் வந்தார். இத்தாவில் இருப்பவர் வண்ணத்துணியைத் தொடலாமா என்று கேட்டார். அன்போடுதான் கேட்டார், ஆனால் அவர் போனபின் உம்மா தையல் பெட்டியை மூடிவிட்டார்கள். இளையவன் மஹல்லா ஹஸ்ரத்திடம் போய் விசாரித்தான். இத்தாவில் விலக்கப்பட்டது அலங்காரம். அவர் உடுத்துவதிலும் பூசுவதிலும் அணிவதிலும்தான் அது. வீட்டிலிருந்தபடி கையால் செய்யும் வேலைக்குத் தடையில்லை என்றார் ஹஸ்ரத். அதோடு, எங்களுக்குத் தோன்றாத ஒன்றைக் கேட்டார்: "எந்தத் துணியில் தைக்கப் போகிறார்கள்?"

வாப்பாவின் துணியில் என்று சொன்னான். சட்டைகள் 14, ஆலைச் சீருடைகள் 6, லுங்கிகள் 9. அலமாரியில் அப்படியே இருந்தன. உம்மா சொல்லாமலே எங்களுக்கு அது தெரிந்திருந்தது.

அந்தத் துணிகள் இப்போது வாப்பாவுடையவை அல்ல. உம்மாவுடையவை மட்டுமும் அல்ல என்று ஹஸ்ரத் நினைவூட்டினார். மய்யித் விட்டுச் சென்ற உடையும் சொத்துதான். கடனும் வஸிய்யத்தும் போக, அதில் மனைவிக்கு எட்டில் ஒன்று. தாய் உயிரோடிருந்தால் அவருக்கு ஆறில் ஒன்று. மிகுதி பிள்ளைகளுக்கு, ஆணுக்கு இரண்டு பங்கும் பெண்ணுக்கு ஒரு பங்குமாக. வாரிசுகள் அனைவரும் மனமொப்பினால் ஒழியக் கத்திரி வைக்கலாகாது. பருவமடையாத வாரிசு யாரேனும் இருந்திருந்தால், அவருடைய பங்கை அவர் சார்பில் விட்டுக்கொடுக்க எங்களுக்கு உரிமையே இருந்திருக்காது. வீடு, நிலம், வங்கிக் கணக்கு என்று வரும்போது பாகப்பிரிவினையை நினைக்கிற நாங்கள், கொடியில் தொங்கிய ஒரு லுங்கியை அப்படி நினைத்ததில்லை. இதைப் படிக்கிற குடும்பங்களில் எத்தனை பேர் நினைத்திருப்பீர்கள்?

எங்கள் மூவருக்கும் சம்மதம். ஊரில் வாப்பும்மா இருக்கிறார்கள். மகனை அடக்கம் செய்த தாய். தொலைபேசியில் அவர்களிடம் மகனுடைய சட்டைகளை வெட்டலாமா என்று எப்படிக் கேட்பது? இரண்டு நாள் தள்ளிப்போட்டோம். கடைசியில் உம்மாவே பேசினார்கள். மறுமுனையில் நீண்ட அமைதி. பிறகு வாப்பும்மா சொன்னார்கள்: "வெட்டிக்க. வீணாப் போறதுக்கு நீ வச்சுப் போத்திக்கிறது நல்லது. ஒரு சட்டை மட்டும் எனக்கு அனுப்பு. துவைக்காதே."

கடைசியாக வாப்பா கழற்றி மாட்டிய நீலச்சட்டை துவைக்கப்படாமல் இருந்தது. உம்மா அதைத் தமக்கென வைத்திருந்தார்கள் என்பது அலமாரியைத் திறந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் இளையவன் அதை எடுத்துக்கொண்டு இரவு வண்டியில் ஊருக்குப் போனான். சீருடைகளைப் பற்றியும் ஒரு ஐயம் இருந்தது, அவை ஆலையின் உடைமையாயிற்றே என்று. விசாரித்தபோது அடையாள அட்டையையும் பாதுகாப்புக் காலணியையும் தந்தால் போதும் என்றார்கள்.

துணிக்கு வழி பிறந்தது. வடிவம் இன்னும் கிடைக்கவில்லை. வட கர்நாடகத்து சித்திகளின் போர்வைகளை மூத்தவள் காட்டினாள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் வாழ்கிறார்கள். முஸ்லிம்களும் இந்துக்களும் கிறித்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் பெண்கள் தைக்கும் கவந்திக்கு வரைபடமே கிடையாது. ஒரு மூலையில் தொடங்கி, பழைய துணித் துண்டுகளை ஓரத்தை மடித்து வைத்துக்கொண்டே, ஓட்டுத் தையலால் விளிம்பைச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருகிறார்கள். முடிவில் நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துணியால் பூ வைக்கிறார்கள். உம்மாவுக்கு அதில் பெரும் மதிப்பு உண்டாயிற்று. "அவங்களுக்குக் கணக்கு கையில இருக்கு. நான் கோடு போட்டுப் பழகினவ, இப்போ கோடில்லாமத் தைச்சா அவங்களைப் பாத்துக் காப்பியடிச்சதாத்தான் இருக்கும்," என்றார்கள். ஆயினும் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். கவந்தியில் பஞ்சு கிடையாது. அடுக்கிய பழந்துணியே கனம் தரும். நம் ஊர் வெக்கைக்குப் பஞ்சு எதற்கு? ஐந்து லுங்கிகளை நடு அடுக்குக்கென்று ஒதுக்கினார்கள்.

வடிவத்தை முடிவில் உம்மாவே கண்டார்கள். ஹஜ்ஜுக்குப் போய்வந்த உறவினர் தந்த மதீனா அச்சு முஸ்ஹஃபில்தான் அவர்கள் இத்தாவில் ஓதிவந்தார்கள். அதில் ஒவ்வொரு கால் ஹிஸ்பும் தொடங்கும் இடத்தில் எட்டு முனை நட்சத்திரம் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். ஹிஸ்புகள் அறுபது, கால்கள் 240. ஒரு சதுரத்தின்மேல் இன்னொரு சதுரத்தைத் திருப்பி வைத்த வடிவம். மொராக்கோவின் ஓடுகளிலும் ஈரானின் சுவர்களிலும் அதையே காணலாம். "இதைத் தைக்க முடியுமா பாருங்க," என்றார்கள்.

முஸ்ஹஃபில் உள்ள அடையாளத்தைப் போர்வையில் இடலாமா என்று இளையவன் தயங்கினான், மறுபடியும் ஹஸ்ரத். எழுத்தில்லாத வடிவத்துக்குத் தடையில்லை என்றார். தொழுகை விரிப்பாக்க வேண்டாம் என்பது மட்டும் உம்மாவின் முடிவு. கோலம் போட்ட ஒரு மேலாடை தொழுகையில் தம் கவனத்தைத் திருப்பியதால் நபி (ஸல்) அவர்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு எளிய ஆடையைக் கேட்ட செய்தி அவர்களுக்கு நினைவிருந்தது.

இங்கேதான் கடினம் என்றால் என்ன என்று நாங்கள் கற்றுக்கொண்டோம். புத்தகங்களில் கிடைக்கும் எட்டு முனை நட்சத்திரம் வேறு. அது எட்டுச் சாய்சதுரங்களால் ஆனது. முனை 45 பாகை. இரு முனைகளுக்கிடையே உள்ள பள்ளம் 90 பாகை, எனவே அங்கே ஒரு சதுரம் அழகாகப் பொருந்திவிடும். முஸ்ஹஃபின் நட்சத்திரத்திலோ முனை 90 பாகை, பள்ளம் 135. சதுரம் பொருந்தாது. இந்த நட்சத்திரத்தை நடுவிலிருந்து பிரித்தால் எட்டுப் பட்டங்கள் கிடைக்கும், நம் பிள்ளைகள் பறக்கவிடும் பட்டத்தின் வடிவிலேயே. நட்சத்திரங்களை முனையோடு முனை சேர்த்து வைத்தால், நான்கு நட்சத்திரங்களுக்கு நடுவே விழும் வெற்றிடத்தை ஒரு சதுரத்தாலும் அதைச் சுற்றி நான்கு ஐங்கோணங்களாலும் நிரப்ப வேண்டும். அந்த ஐங்கோணம் பிள்ளைகள் வரையும் கூரைவீட்டைப் போலவே இருக்கும். "பட்டமும் வீடும்," என்றார்கள் உம்மா. அதன்பின் அந்தப் பெயர்களே நிலைத்தன.

அகலத்தில் நான்கு, நீளத்தில் ஐந்து, ஆக இருபது நட்சத்திரங்கள். முனைக்கு முனை 12 அங்குலம். 160 பட்டங்கள், 160 பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் இரு பட்டங்களும் ஒரு வீடும் ஒரே புள்ளியில் சேரும். அந்தப் புள்ளியில் தையலைச் சரியாகக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, ஊசியைத் துணியில் இறக்கிவிட்டு, துணியைத் திருப்பி, அடுத்த ஓரத்தைத் தொடங்க வேண்டும். ஒரு தையல் கூடினால் சுருக்கம், குறைந்தால் ஓட்டை. இருக்கை உறையில் எட்டாண்டுகள் செய்த வேலைதான். ஆனால் அங்கே மூலைக்கு ஒன்று, இங்கே உள்ளங்கை அகலத்துக்குள் ஒன்று. நட்சத்திரத்தின் நடுப்புள்ளியில் எட்டுத் துணிமுனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கல்போல் புடைக்கும். எல்லா மடிப்புகளையும் ஒரே திசையில் காற்றாடிபோல் சுழற்றி இஸ்திரி போட்டால்தான் அது படியும்.

அச்சுத் தகடு வேண்டியிருந்தது. உம்மா ஒரு காகிதத்தை மூன்று முறை மடித்துக் கோணத்தைப் பிடித்தார்கள். பாகைமானி தேவைப்படவில்லை. தாள் சீக்கிரம் நைந்துவிடும் என்று எக்ஸ்ரே படலத்தில் வெட்டினார்கள். வீட்டில் இருந்தது வாப்பாவின் நெஞ்சுப் படம் ஒன்றுதான். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. நல்ல கெட்டியான படலம் அது. இன்றும் முனை மழுங்கவில்லை.

துணி வெட்டும்போது ஒரு நுட்பத்தைக் கண்டு உம்மா மகிழ்ந்தார்கள். சாய்சதுரத்தில் சில ஓரங்கள் கிராஸாகத்தான் விழும். கிராஸ் ஓரம் இழுத்தால் நீளும். பட்டத்தின் முனை செங்கோணமாக இருப்பதால் அதன் இரு வெளி ஓரங்களையும் நேர் இழையிலேயே வைக்கலாம். லுங்கியின் கட்டக்கோடுகள் அந்த ஓரங்களுக்கு இணையாக ஓடும். லுங்கிகள் பட்டங்களாயின, வெள்ளைச் சட்டைகள் வீடுகளாயின, சாம்பல் நிறச் சீருடைகள் நடுச் சதுரங்களாயின. சீருடையில் பாலியஸ்டர் கலந்திருப்பதால் எல்லாவற்றையும் முன்னரே ஒருமுறை வெந்நீரில் அலசிக் காயவைத்தார்கள்.

முதல் நட்சத்திரத்தை நான்கு முறை பிரித்தார்கள். பாதி பிளேடால் தையலை அறுக்கும்போது, நூலை உறுதியாக நூற்றபின் தானே பிரித்துப்போட்ட பெண்ணைப் பற்றி அந்நஹ்ல் அத்தியாயத்தில் வருவதைச் சொல்லித் தம்மையே பரிகசித்துக்கொண்டார்கள். அந்த உவமை வாக்குறுதியை முறிப்பவர்களுக்குச் சொல்லப்பட்டது என்றும், தமக்குப் பொருந்தாது என்றும் உடனே திருத்தியும் சொன்னார்கள். ஒரு சின்ன விலகலை அப்படியே விட்டுவிடலாமே என்று நாங்கள் கேட்டோம். முழுமை இறைவனுக்கே உரியது என்று கம்பளம் நெய்பவர்கள் வேண்டுமென்றே ஒரு பிழை விடுவதாக ஒரு கதை வழங்குகிறதே என்றோம். "வேணும்னு வேற விடணுமா?" என்றார்கள் உம்மா. "அதுக்குள்ள எத்தனை பிழை விழுந்திருக்குன்னு எண்ணிப் பாரு."

பேருந்து நிற்கும் ஓசை இப்போதும் கேட்கிறது. பள்ளத்தில் ஊசியை இறக்கி நிறுத்தியிருக்கும் வேளையாக இருந்தால் உம்மா தலை நிமிர்வதில்லை. மற்ற வேளைகளில் நிமிர்கிறார்கள்.

ஜமாதுல் ஆகிர் பிறை 13 கழிந்த மறுநாள் காலையில் உம்மா முதன்முறையாக வெளியே வந்தார்கள். உறவினர் வீடுகளுக்குப் போகலாம் என்று நாங்கள் ஆட்டோ சொல்லியிருந்தோம். முதலில் படப்பைக் கடைத்தெருவில் நூல்கடைக்குப் போகச் சொன்னார்கள். கடைக்காரர் சாம்பல் நிறத்தில் மூன்று நூல்களை எடுத்து வைத்தார். உம்மா கைப்பையிலிருந்து பதினோராவது நட்சத்திரத்தை எடுத்து, கடைவாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நடுவில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"ரெண்டு குடுங்க," என்றார்கள். "இன்னும் ஒன்பது இருக்கு."